பூட்டிய வீட்டுக் கிணறு

ஒரு வீட்டில் ஆளில்லை. படலை பூட்டியிருக்கிறது. கூரையின் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆனால் பின்வளவுக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் நுளம்பு பெருகினால் அதற்குப் பொறுப்பு யார்? வீட்டுக்காரரா, மாநகர சபையா, பொதுச் சுகாதாரப் பரிசோதகரா, கிராம அலுவலரா, பக்கத்து வளவில் குடியிருக்கும் நாமா?

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு இந்தக் கேள்வியைத் தந்தது நாங்கள் குடியிருக்கும் யாழ்ப்பாணம் சோனகத் தெரு. சமூகத்தின் சுகாதாரத்தைப் பேணப் பல நிறுவனங்கள் கூடி உழைக்க வேண்டும் என்று கூட்டங்களில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். அந்தக் கூட்டுழைப்பு எவ்வாறு நடக்கிறது, எந்த இடத்தில் அறுந்துபோகிறது, அறுந்ததை எப்படி முடியலாம் என்பதை ஒரே ஒரு கிணற்றை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிணறும் நுளம்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அந்த நன்னீரை எடுப்பதற்காகவே நம் முன்னோர் வளவுக்கு வளவு கிணறு வெட்டினர். எனவே இங்கே ஆளில்லாத வீடு என்றால் பெரும்பாலும் ஆளில்லாத கிணறும் அதனோடு சேர்ந்தே இருக்கும்.

குடாநாட்டின் மழையில் பெரும் பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையில் வடகீழ்ப் பருவக்காற்றோடு பெய்கிறது. கிணறு, தண்ணீர்த் தாங்கி, பீலி, பழைய ரயர், சிரட்டை எல்லாம் அப்போதுதான் நிறைகின்றன. டெங்கு நோயாளிகள் இங்கே அதிகரிப்பதும் மாரியிலும் அதை அடுத்த வாரங்களிலுமே.

டெங்கைப் பரப்புபவை ஏடிஸ் ஈஜிப்தி, ஏடிஸ் அல்போபிக்டஸ் என்னும் இரண்டு இன நுளம்புகள். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்னும் நான்கு பருவங்களையும் நம் வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் அவை கடந்துவிடுகின்றன. முட்டைகள் ஈரமின்றியும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும். இந்த நுளம்புகள் நெடுந்தூரம் பறப்பதில்லை. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்குள்ளேயே பெரும்பாலும் சுற்றும். நெருக்கமாக வீடுகள் உள்ள எங்கள் ஒழுங்கை போன்ற இடங்களில் அந்தச் சில நூறு மீற்றருக்குள் எத்தனையோ குடும்பங்கள் அடங்கிவிடும்.

ஏடிஸ் நுளம்பு தெளிந்த நன்னீரிலேயே முட்டையிடும் என்றே பலரும் படித்திருக்கிறோம். ஆனால் குருநகர் போன்ற கரையோரப் பகுதிகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் பங்கேற்ற ஆய்வு ஒன்று, உவர்த்தன்மையுள்ள நீரிலும் அவற்றின் குடம்பிகள் வளர்வதைக் கண்டறிந்து 2011இல் வெளியிட்டது. கைவிடப்பட்ட கிணறுகளும் படகுகளில் தேங்கிய நீரும் அவற்றுக்கு இடம் கொடுத்திருந்தன. 'உப்புக் கிணறுதானே, நுளம்பு வராது' என்ற நம் நம்பிக்கைக்கு அதனோடு அடிப்படை போய்விட்டது.

மலேரியா தந்த பாடம்

நுளம்பு என்றால் டெங்கு மட்டுமன்று. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் பரவிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். பின்னர் டிடிடி தெளித்தும், நோயாளரைத் தேடிச் சென்று மருந்து கொடுத்தும் நோய் அடக்கப்பட்டது. 1963இல் முழு நாட்டிலும் பதிவான நோயாளர் வெறும் 17 பேர். வென்றுவிட்டோம் என்ற எண்ணத்தில் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மீண்டும் நோயாளராயினர்.

போர்க்காலத்தில் மலேரியாவின் பாரத்தை அதிகம் சுமந்தவை வடக்கும் கிழக்கும். 1999இல் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான நோயாளர் பதிவாகினர். அதற்குப் பிந்திய பதின்மூன்று ஆண்டுகளுக்குள் உள்நாட்டுத் தொற்று நின்றுபோனதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. மலேரியாத் தடை இயக்கம், மாவட்டச் சுகாதாரப் பணிமனைகள், சர்வோதயம் போன்ற தொண்டு நிறுவனங்கள், சர்வதேச உதவி அமைப்புகள் எல்லாம் ஒரே இலக்கை நோக்கி வேலை செய்தன. மருந்தூட்டிய வலைகள் வீடு தேடிச் சென்றன. நடமாடும் குழுக்கள் இரத்தம் சோதித்தன. இந்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது.

அந்த மகிழ்ச்சி அடங்குமுன்பே, அதே ஆண்டின் இறுதியில், மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது. காடு கழனியில் அல்லாது நகரத்தில் வாழப் பழகிய மலேரியா நுளம்பு இது. இந்தியாவில் சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுவே. ஆபிரிக்காவின் ஜிபுட்டியில் 2012இல் இது தென்பட்ட பின், அங்கே ஏறக்குறைய ஒழிந்திருந்த மலேரியா மீண்டும் பெருகியது. இந்த நுளம்பு விரும்பி முட்டையிடும் இடங்கள் தண்ணீர்த் தாங்கிகளும் கிணறுகளுமாகும். பூட்டிய வீட்டுக் கிணறு இப்போது இரண்டு நோய்களின் வாசலாக நிற்கிறது.

ஒரு காய்ச்சல் போகும் வழி

நிறுவனங்கள் எவ்வாறு தொடுக்கப்பட்டுள்ளன என்பதை என் தம்பிக்கு டெங்கு வந்தபோது கண்டேன். மார்கழி மழைக்காலம். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லை. இரத்தப் பரிசோதனைக்குப் பின் வைத்தியசாலையில் அனுமதித்தார்கள். உம்மா அவன் குடித்த தண்ணீரையும் கழித்த சிறுநீரையும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தா. அந்த நேரத்தில் விடுதியில் இன்னொரு தாளும் எழுதப்பட்டது. எச் 544 என்பது அதன் பெயர். அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று இருப்பதாகச் சந்தேகம் எழுந்தாலே வைத்தியர் அந்தப் படிவத்தை நிரப்பி, நோயாளி வாழும் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கடமைக்கு அடிப்படையாக உள்ள தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

தம்பி வீடு திரும்புவதற்கு முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். பூச்சாடித் தட்டுகளைக் கவிழ்த்தார். அயல் வீடுகளுக்கும் போனார். பூட்டிய வீட்டின் படலையடியில் மட்டும் சற்று நேரம் நின்றார். கையிலிருந்த தாளில் 'வீடு பூட்டியுள்ளது' என்று குறித்துக்கொண்டு அடுத்த வளவுக்கு நடந்தார்.

வேறு என்ன செய்வார்? வைத்தியசாலையிலிருந்து ஒழுங்கை வரையில் சரியாக வந்த சங்கிலி அந்தப் பூட்டின் முன்னால் நின்றுவிட்டது. அவரிடம் அதற்குத் திறப்பு இல்லை.

யாரிடம் எந்தத் திறப்பு?

அதன் பிறகு எங்கள் குடிமையியல் குறிப்புகளையும் புரட்டிப் பார்த்து, எந்தப் பணிமனையிடம் எது இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டேன்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நோய் தெரியும். அது மத்திய சுகாதார அமைச்சின் கீழ் உள்ளது. சுகாதார வைத்திய அதிகாரிக்கு நோயாளியின் முகவரி தெரியும். பரிசோதகர்களும் குடும்ப நல உத்தியோகத்தர்களும் அவரோடு பணிபுரிகின்றனர். இந்தக் களப்பணி பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஊடாக மாகாணத்தோடு இணைந்தது. மாநகர சபையிடம் தொழிலாளரும் உழவு இயந்திரமும் உண்டு. குப்பை, வடிகால் அதன் பொறுப்பு. காணியும் குடும்பப் பதிவும் பிரதேச செயலகத்துக்கும் கிராம அலுவலருக்கும் உரியவை. நுளம்பின் இனத்தைப் பிரித்தறியப் பூச்சியியல் உத்தியோகத்தரும் பல்கலைக்கழகமும் வேண்டும்.

இவற்றின் எல்லைகளும் ஒன்றல்ல. யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. உள்ளூராட்சிச் சபைகளோ 17. ஒரே ஒழுங்கை பல வரைபடங்களில் பல பெயரில் கிடக்கிறது. ஒவ்வொருவரும் தம் வேலையைச் செவ்வனே செய்தாலும், ஒரு வேலை எல்லாருடைய எல்லைக்கும் நடுவில் விழுந்துவிடலாம்.

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம், தன் வளவில் நுளம்பு பெருகாமல் பார்ப்பதை உரிமையாளரினதும் குடியிருப்பாளரினதும் கடமையாக்கியுள்ளது. தவறினால் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். ஆனால் எங்கள் ஒழுங்கைப் பூட்டிய வீட்டில் குடியிருப்பாளர் இல்லை. உரிமையாளர் புத்தளத்தில் இருக்கிறா. அறிவித்தலைப் படலையில் ஒட்டினால் அதை மழைதான் வாசிக்கும்.

பூட்டுக்குப் பின்னால்

அந்த வீடு ஏன் பூட்டியிருக்கிறது என்பதை எங்கள் வாசகர்களுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டனர். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் அந்நாட்களில் வெளியேறினர். பலரும் புத்தளத்தில் தங்கினார்கள். அங்கேயே பிள்ளைகள் பிறந்து, படித்து, தொழில் தேடி வேரூன்றிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தைப் போலத் திரும்பி வந்தவர்களும் உண்டு. வராதவர்களின் வீடுகள் காத்துக் கிடக்கின்றன. சுகாதாரப் பரிசோதகரின் தாளில் 'வீடு பூட்டியுள்ளது' என்ற இரண்டு சொல்லுக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

அந்த உரிமையாளரின் தொலைபேசி இலக்கம் எந்தப் பணிமனையிலும் கிடைக்கவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த ஒரு பெரியவரிடம் கிடைத்தது. வாப்பா அவரையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டிலிருந்தே எடுத்துப் பேசினார். மறுமுனையில் இருந்தவ என் உம்மம்மாவின் வயதையொத்தவ. கிணற்றைப் பற்றிச் சொன்னதும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வீட்ட விட்டிட்டுத்தானே வந்தம் தம்பி. இப்ப வளவுக்க ஆக்கள் போய்வந்தா, நாளைக்குக் காணியும் எங்கட இல்லையெண்டு சொல்லமாட்டினமா?" என்று கேட்டா.

அவ சுகாதாரத்துக்கு எதிரானவ அல்ல, பயந்திருந்தா. அந்தப் பயம் தீராமல் எந்தப் பணிமனையாலும் அந்தப் படலையைத் திறக்க முடியாது. பூட்டை உடைக்க மட்டுமே முடியும். உடைத்தால் ஒரு கிணறு துப்புரவாகும். செய்தி புத்தளத்துக்குப் போனதும் மற்றைய உரிமையாளர்கள் தங்கள் பூட்டுகளை இரட்டிப்பாக்குவார்கள்.

அவ மூன்று விடயம் கேட்டா. போகிறவர்கள் சுகாதார வேலைக்காகவே போகிறார்கள் என்று கிராம அலுவலர் எழுத்தில் தர வேண்டும். முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் படலையைப் பூட்டித் திறப்பைப் பள்ளிவாசலில் வைக்க வேண்டும். மூன்றுக்கும் சம்மதம் கிடைத்தது. கிராம அலுவலர் கடிதம் எழுதினார். சுகாதாரப் பரிசோதகர் நாள் குறித்தார். தொழிலாளர்கள் வந்து பற்றை வெட்டினார்கள். ஒழுங்கையின் இளைஞர்கள் கிணற்றுக்கட்டுக்கு அளவெடுத்து வலை மூடி அடித்தார்கள். கப்பி மீன்கள் விடப்பட்டன. அவை சிறியவை, குடம்பிகளைத் தின்னும், கிணற்று நீரிலேயே பெருகும்.

அடுத்த மாதம் வாளி இறக்கி அள்ளிப் பார்த்தபோது அந்தத் தண்ணீரில் குடம்பிகள் தென்படவில்லை. அதனால்தான் டெங்கு குறைந்தது என்று வாதிட நான் முன்வரமாட்டேன். ஒரு கிணற்றை வைத்து அப்படி முடிவுகட்ட உயிரியல் இடந்தராது. ஐந்து திறப்புகள் ஒரே நாளில் ஒரே படலைக்கு வந்தன என்பது மட்டும் உறுதி. அவற்றில் நான்கு அரசாங்கச் செலவோ சமூகத்தின் உழைப்போ ஆகும். ஐந்தாவது ஒரு மூதாட்டியின் நம்பிக்கை.

செய்யக்கூடாதவை இரண்டு

பாழ்கிணற்றைக் குப்பையால் நிரப்பிவிடலாம் என்று சிலர் எண்ணுவர். குடாநாட்டில் அது பெருந்தீங்கு. எங்கள் சுண்ணாம்புக் கல்லில் நீர் வெடிப்புகள் வழியே நகர்வதால், ஒரு கிணற்றில் இட்டது அயல் கிணற்றில் குடிக்க வரும். கழிவு எண்ணெய் ஊற்றுவது இன்னும் மோசம். சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்து, அந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று 2019இல் தீர்ப்பு வந்ததை நாம் அறிவோம். நுளம்பைக் கொல்லப் போய்த் தண்ணீரைக் கொன்றுவிடக் கூடாது. வலை, மீன், சுகாதாரப் பகுதியினர் அளந்து இடும் மருந்து ஆகிய மூன்றுமே போதும்.

கூட்டுழைப்பு நிலைப்பதற்கு

கூடிச் செய்வது இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1850இல் யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியாலும் நலன்விரும்பிகளின் சங்கம் ஒன்றின் ஆதரவாலும் எழுந்த சிறு வைத்தியசாலையே பின்னர் அரசாங்க வைத்தியசாலையாகி, இன்று போதனா வைத்தியசாலையாக வளர்ந்து நிற்கிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதார அலகு, நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு நில்லாமல் வீடு வீடாகச் சென்று நோயைத் தடுக்கும் முறையை இந்நாட்டுக்குத் தந்தது. 2024 டிசெம்பரில், வெள்ளத்தின் பின் குடாநாட்டில் இனந்தெரியாத காய்ச்சலால் மக்கள் இறந்தபோது, வைத்தியசாலையில் எடுத்த மாதிரிகளின் பரிசோதனை அது எலிக்காய்ச்சல் என்று காட்டியது. உடனே களப்பணியாளர்கள் வயலில் இறங்கும் விவசாயிகளைத் தேடித் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். ஆய்வுகூடத்தின் விடை வயல்வரம்புக்கு விரைவாகச் சென்றதே அங்கு முக்கியம்.

இந்த அனுபவங்களிலிருந்து எனக்குத் தோன்றுவனவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலாவது, பூட்டிய வீடுகளின் பதிவேடு ஒன்று வேண்டும். வீட்டு இலக்கம், கிணறு உண்டா, உரிமையாளரின் தொலைபேசி, திறப்பு யாரிடம் என்னும் நான்கு நிரல் போதும். எங்கள் பகுதியில் பள்ளிவாசலும் கிராம அலுவலரும் சேர்ந்து அதை எழுதலாம். வேறு ஊர்களில், பிள்ளைகள் வெளிநாட்டில் வாழ்வதால் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் கோயில் சபையோ சனசமூக நிலையமோ அதைச் செய்யலாம். இலக்கங்கள் எல்லாருக்கும் பகிரப்படாமல், பொறுப்பானவர் ஒருவரிடமே இருக்க வேண்டும்.

இரண்டாவது, நாள் குறிப்பது செப்ரெம்பரில் நடக்க வேண்டும். மழை தொடங்கி, விடுதிகள் நிறைந்து, பிறகு கூட்டம் கூடுவது கிணறு நிறைந்தபின் மூடி தேடுவது போன்றது.

மூன்றாவது, உரிமையாளருக்கு எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். காணியுரிமைக்கும் சுகாதாரப் பிரவேசத்துக்கும் தொடர்பில்லை என்று ஒரு வரியை ஒரு உத்தியோகத்தர் ஒப்பமிட்டுத் தந்தால் பல படலைகள் திறக்கும்.

நான்காவது, விடை திரும்பி வர வேண்டும். எந்த வளவில் குடம்பி இருந்தது, பிறகு இல்லாமற்போனதா என்பதை ஒழுங்கை மக்களுக்குச் சொன்னால் அவர்கள் அடுத்த முறை தாமாகவே முன்வருவார்கள். மக்களிடம் தகவலை வாங்கிக்கொண்டு பதில் சொல்லாமல் விட்டால் கூட்டுழைப்பு ஒருவழிப் பாதையாகிவிடும்.

மாணவிகளாகிய எங்களுக்கும் பங்குண்டு. வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் எங்கள் வளவைச் சுற்றி வந்தால் முட்டைக்கும் நிறைவுடலிக்கும் இடையிலுள்ள அந்த ஒரு வாரச் சங்கிலியை அறுக்கலாம். அதைவிட எங்களால் மட்டும் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. எங்களில் பலருக்குப் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் உம்மம்மாவும் சாச்சியும் மாமியும் இருக்கிறார்கள். எந்த வீடு யாருடையது, திறப்பு யார் கையில் என்பது அவர்களின் நினைவில் இருக்கிறது. அடுத்த முறை பேசும்போது சுகம் விசாரித்துவிட்டு அதையும் கேளுங்கள். ஒரு கொப்பியில் எழுதுங்கள். மழைக்கு முன் அந்தக் கொப்பி பரிசோதகரின் கைக்குப் போகட்டும்.